நான் பிள்ளைபிடிகாரியான சனிக்கிழமை

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. எஸ்கலேட்டரில் கால் வைக்குமுன் இரண்டு பேரை முன்னே விட்டுப் பார்ப்பேன். கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால், அதைப் பிரிக்க என் கணவர் வேலையால் வரவேண்டும். அப்படிப்பட்டவளை நம்பி ஓர் ஆறு வயதுப் பிள்ளையைத் தந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

கயலை நுவரெலியாப் பக்கத்துச் சிறுவர் இல்லம் ஒன்றில் இருந்து தத்தெடுத்து லண்டன் ஹரோவுக்குக் கூட்டிவந்தோம். அவளுடையது மலையகத் தமிழ், என்னுடையது யாழ்ப்பாணத் தமிழ். ஆமா என்பதற்கு நான் "ஓம்" என்றால், சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக் கை கூப்புவாள். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. ஐந்து மாதமாகியும் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்பதோடு சரி. (அவசரப்படுத்த வேண்டாம் என்று கவுன்சிலின் சோஷியல் வேர்க்கர் சொல்லியிருந்தா. நான் அவசரப்படுத்தவில்லை, குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு அழுததோடு சரி.)

அந்த சோஷியல் வேர்க்கர் மாதம் ஒருமுறை வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போவா. ஒரு பிழை எழுதினால் பிள்ளையைத் திருப்பி எடுத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அதற்கு அடுத்த பயம், சனக்கூட்டத்தில் கயல் தொலைந்துவிடுவாளோ என்பது. எனவே ஒரு கிழமையாகச் சமையலறை மேசையில் வைத்து அவளுக்கு இரண்டு ஆங்கில வசனம் பாடமாக்கிக் கொடுத்தேன். தொலைந்தால் யூனிபோர்ம் போட்ட ஆளிடம் போய், "ஐ ஆம் லொஸ்ட். ப்ளீஸ் ஹெல்ப் மீ." தெரியாத ஆட்கள் என்ன கேட்டாலும், "நோ, தாங்க்யூ."

"இந்த ரெண்டு வசனம் மட்டும் காணுமோ?" என்றார் கணவர்.

"ஆபத்துக்கு இது காணும்," என்றேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

அடுத்த சனிக்கிழமை நானும் கயலும் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கக் கடைக்குப் போனோம். நான் குனிந்து சொக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற செக்யூரிட்டியின் யூனிபோர்மைக் கண்ட கயல், சோதனை எழுதப் போகிறவள் போல நிமிர்ந்து நடந்துபோய் அவர் முன்னால் நின்றாள்.

"ஐ ஆம் லொஸ்ட். ப்ளீஸ் ஹெல்ப் மீ."

உச்சரிப்பு அவ்வளவு திறம். ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் ஓடினேன். "ஷீ இஸ் மைன்!" என்று கத்தினேன், பஸ்ஸில் விட்ட குடையைக் கேட்பது போல.

அவர் முழங்கால் மடக்கி இருந்து அவளிடம் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார், "இவ உன்னுடைய அம்மாவா?"

கயல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள், "நோ, தாங்க்யூ."

"கயல்! நான் ஆரெண்டு சொல்லு!" என்று தமிழில் கெஞ்சினேன். என் குரல் போன உயரத்தில், பிள்ளையை மிரட்ட வேண்டாம் என்றார் அவர். சப்பாத்து வாங்க வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். மனேஜர் வந்து பிள்ளையின் பிறந்த திகதியைக் கேட்டா. பதற்றத்தில் என்னுடையதைச் சொல்லிவிட்டேன். கயலுக்கு நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது.

"பொலிசுக்குப் போன் எடுக்கிறேன்," என்றா மனேஜர்.

சப்பாத்துப் போட்டுப் பார்க்கும் குட்டி ஸ்டூலில் பொத்தென்று இருந்தேன். பொலிஸ், பிறகு சோஷியல் வேர்க்கர், பிறகு கயல் தனியாக ஏறும் விமானம் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. வாய்விட்டு அழுதேன்.

கயலின் சிரிப்பு போய்விட்டது. என்னிடம் வந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பிறகு செக்யூரிட்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா லொஸ்ட்," என்றாள். "ப்ளீஸ் ஹெல்ப் அம்மா."

இந்த வசனத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த மனிதருக்கு அம்மா என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். ஆனாலும் கணவருக்குப் போன் பண்ணித்தான் விட்டார்கள். அவர் தத்துப் பத்திரத்தில் இருந்து காஸ் பில் வரைக்கும் ஒரு முழு பைலோடு மூச்சிரைக்க வந்து, "இவ என்ர மனுசிதான்" என்றார். (அதை ஒருவரும் கேட்கவில்லை.)

வேறு வழியால் தெரிய வருமுன் நானே சொல்லிவிடுவோம் என்று, சோஷியல் வேர்க்கரிடம் நடுங்கி நடுங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவ நீண்ட நேரம் எழுதிவிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டினா: "பிள்ளை தானாகவே ஆங்கில வசனம் அமைக்கிறாள். தாய்க்குத்தான் கொஞ்சம் ஆதரவு தேவை."

கயலுக்கு இப்போது பதின்மூன்று. வீட்டுக்கு ஆர் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லுவாள். அவளுடைய கதையில் நான் அழுத சத்தம் ட்ரெயின் ஸ்டேஷன் வரை கேட்கும். போன கிழமை என் கைப்பைக்குள் விசிட்டிங் கார்ட் அளவில் ஒரு மட்டை கிடந்தது. கோணல் மாணலான தமிழில் எழுதியிருந்தாள்: "இவர் பெயர் ராஜி. பயந்துபோய் நின்றால் இந்த நம்பருக்கு எடுக்கவும்." கீழே அவளுடைய போன் நம்பர்.

பகிடிக்குத்தான் வைத்திருக்கிறாள் என்று தெரியும். ஆனாலும் அதை எடுத்து எறிய எனக்குப் பயமாக இருக்கிறது.