சொக்கரின் மலைச் சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை என்பதைத் தனக்கு இழைக்கப்பட்ட அநியாயமாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் சொக்கர்தான். மற்றவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. எங்கள் நிலம் அப்படித் தட்டை. முற்றத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால், எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்துக்கொண்டே வற்றிவிடும். கீரிமலை என்று பேர் இருக்கிறதே என்பீர்கள். போய்ப் பாருங்கள், கடலும் கேணியும்தான்.

சொக்கருக்குக் கந்தோரில் எனக்கு எதிர் மேசை. ஐம்பத்தைந்து வயது, அரியாலையில் வீடு. கனடாவில் தங்கச்சி வீட்டுக்கு ஒரு மாத லீவில் போனவர், எல்லாரையும் போல நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். இவர் மருமக்கள் சைக்கிளில் மலையிறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார். நாங்கள் சொக்லேற் வரும் என்று காத்திருந்தோம். வந்தது சொக். சைக்கிளின் முன் சில்லுக்கு மேலே அதிர்ச்சியைத் தாங்குகிற கவை. அதையும் ஒரு பச்சை நிறச் சட்டத்தையும் தவிர அவருடைய பெட்டியில் ஒரு துவாய்கூட இருக்கவில்லை. அன்றோடு அவர் சொக்கர் ஆனார், சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான்.

மிச்ச உறுப்புகள் ஊருக்கு வருகிற கனடாக்காரரின் பெட்டிகளில் ஒவ்வொன்றாக வந்தன. கொழும்புத்துறைக் கலியாண மாப்பிள்ளை சங்கிலி கொண்டுவந்தார். செத்த வீட்டுக்கு வந்த ஒருவர் பிறேக் கொண்டுவந்தார். சொக்கர் முதலில் பிறேக்கை வாங்கிக்கொண்டு பிறகுதான் துக்கம் விசாரித்தார் என்று கந்தோரில் கதை. அது பொய். முதலில் துக்கம்தான் விசாரித்தார். விசாரிக்கும்போது கண் பெட்டியில் இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

உறுப்புகளைச் சேர்த்துச் சைக்கிள் பூட்டியது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். "சைக்கிள் மேசையிலை இருக்குது, நாங்கள் நிலத்திலை இருந்து சாப்பிடுறம்" என்றார் அவருடைய மனைவி மலர் அக்கா. கவையின் தண்டு நீளமாக இருந்ததால் அதை அளவாக அறுக்க வேண்டும். அதற்குச் சொக்கர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். மூன்று தரம் அளந்தார். என்னைக் கொண்டு அளப்பித்தார். பிறகு மலர் அக்காவைக் கொண்டு அளப்பித்தார்.

"அறுத்தால் பிறகு ஒட்டேலாது, அதுதான் யோசிக்கிறன்" என்றார்.

"உந்த யோசனை கலியாணத்துக்கு முதல் வந்திருந்தால் நானும் தப்பியிருப்பன்" என்றார் மலர் அக்கா.

ஒருவழியாகச் சைக்கிள் கந்தோருக்கு வந்தது. ஹாண்டில் அவ்வளவு அகலம், சின்னப் படலையால் நேராக உள்ளே வராது. மாடு மாதிரித் தலையைத் திருப்பித்தான் கொண்டுவர வேண்டும். ரயர் உழவு இயந்திர ரயரின் தம்பி. மட்கார்ட், கரியர், பெல், ஸ்டாண்ட் ஒன்றும் இல்லை. "என்ன ஐசே, சைக்கிளின்ரை உடுப்பெல்லாம் கழட்டிப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்?" என்று மேலதிகாரி கேட்டார். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "முன்னுக்குச் சொக் இருக்குது. பின்னுக்கு ஏன் இல்லை?" என்றார்.

"பின்னுக்கு நாங்கள்தான் சேர் சொக். கடவுள் அதுக்குத்தானே அந்த இடத்திலை சதை வைச்சிருக்கிறார்."

மேலதிகாரிக்கு அந்த இடத்தில் கொஞ்சம் தாராளம். எல்லோரும் கோப்புகளுக்குள் தலையை விட்டுக்கொண்டோம்.

சைக்கிளைப் பூட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். ஆள் ஏறி இருந்தால் கவை இத்தனை அங்குலம் அமிழ வேண்டும் என்று கணக்காம். தன் எடையோடு சாப்பாட்டுப் பெட்டியின் எடையையும் சேர்த்துத்தான் கவைக்குள் காற்று அடிப்பார். வெள்ளிக்கிழமை விரதம், சாப்பாட்டுப் பெட்டி இல்லை. அதற்காக வியாழன் பின்னேரமே கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார்.

ரயருக்குள் ரியூப் இல்லை. அதற்குப் பதிலாகப் பால் போல ஒரு திரவம். முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைக்கும் என்றார். யாரும் நம்பவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, ரயரில் ஒரு ஆணியைக் குத்தி இழுத்தார். ஓட்டை அடைபட்டதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்குள் மேலதிகாரியின் மூக்குக்கண்ணாடியும் அடைபட்டுவிட்டது.

இவ்வளவு ஆயத்தமும் இறங்குவதற்கு. இறங்க இடம்தான் இல்லை. தெருப் போடக் கொட்டிய கிறவல் கும்பி எங்கே கண்டாலும் ஏறி இறங்கினார். தெல்லிப்பழையில் ஒரு வீட்டு அத்திவாரத்துக்குக் குவித்த மண்ணில் ஏறப்போய், வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்ததால் வேறு பக்கமாக இறங்கினார். அவருடைய வாழ்நாளில் மிக வேகமான இறக்கம் அதுதான் என்று பெருமையாகச் சொல்வார்.

அப்போதுதான் கந்தோரில் மலைநாட்டுக்கு, பண்டாரவளைப் பக்கம் சுற்றுலா போக முடிவானது. வாடகைக்குப் பிடித்த வான் வண்டியின் கூரையில் சைக்கிள் ஏறியது. மலர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சிரிக்கவில்லை. "தம்பி, உவர் எங்கடை ஊர்க் கும்பியிலை விழுந்தால் நான் தூக்குவன். அங்கை ஆர் தூக்குறது? முழுசாக் கொண்டுவந்து தாரும்" என்றார்.

தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் ஒரு ஒற்றையடிப் பாதை கீழே போனது. கல், வேர், வளைவு எல்லாம் இருந்தது. மேலே சொக்கர் இரண்டு பிறேக்கையும் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, வேண்டாமெண்டால் விடுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"அதுதான் தம்பி பயம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாமல் விட்டிடுவினம்."

ஹாண்டிலில் ஒரு விசையை அழுத்தினார். சீற் தானாகக் கீழே இறங்கியது. அதற்குப் பின்னால் அவரும் இறங்கினார். முதல் வளைவு வாய்த்தது. இரண்டாவது வளைவில் பாதை திரும்ப, அவர் திரும்பவில்லை. தேயிலைக்குள் நேராகப் போய் மறைந்தார். எனக்கு மலர் அக்காவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஐயா, பறிக்க வந்தீங்கன்னா கூடை வேணுமே" என்றார்.

செடிக்குள்ளிருந்து முதலில் சைக்கிள் வந்தது. பிறகு சேட் கிழிந்து, மீசையில் இலையோடு சொக்கர் வந்தார். துடைக்கவும் இல்லை. திரும்ப ஏறினார். மிச்சப் பாதை முழுவதையும், வேரும் கல்லும் வளைவுமாக, ஒரு இடத்திலும் கால் ஊன்றாமல் இறங்கி முடித்தார். கீழே வானுக்குப் பக்கத்தில் நின்ற மேலதிகாரிதான் முதலில் கை தட்டினார்.

சொக்கர் ஒரு சோடா குடித்தார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு அவ்வளவு ஏற்றமும் திரும்ப என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"இனி நீ."

"எனக்கு ஏன் அண்ணை?"

"இதை நான் மட்டும் பார்த்தால் போதாது" என்றார்.

நான் இரண்டு பிறேக்கையும் நசுக்கிப் பிடித்துக்கொண்டு ஆமை போல இறங்கினேன். பக்கத்தில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒரு காலின் சப்பாத்தைத் தேயிலைக்குள் விட்டுவிட்டு, செடிகளை இடித்துக்கொண்டு சொக்கர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"ஏன் அண்ணை ஓடுறியள்?"

"நீ பாதையைப் பார். விழுந்தால் நான் பிடிக்கிறன்."

அவர் என் தோள் உயரம்தான் இருப்பார். ஆனாலும் அந்த இறக்கம் முடியும்வரை எனக்குப் பயம் வரவில்லை.