நான் காவடி எடுக்கவில்லை என்பதற்கு ஒரே ஆதாரம்

ரோஸ் ஹில்,
23 ஜனவரி 1964

பெருமதிப்புக்குரிய பாக்கியம் அக்காவுக்கு, தம்பி எட்மோன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் சுசானும் நலம். அங்கே உங்கள் நலமும் அத்தானின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

இன்று காலை ஒன்பது மணி நிலவரப்படி, வரும் செவ்வாய்க்கிழமை தைப்பூசத்துக்கு நான் காவடி எடுக்கவில்லை. தகவல் தந்தவர்: நானே. உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதில் நான் எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வருவதற்கு உங்கள் ஊர் கான் தெ மாஸ்க்கிலிருந்து ஒரு பஸ்ஸையே பேசிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சாந்த் குருவா கோயிலில் கொடியேறி, காவடிக்காரர்களின் விரதம் தொடங்கிய சனிக்கிழமை காலையில்தான் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். மாலை வரை வாய் திறக்கக் கூடாது, ஒரு வாரம் இறைச்சி கூடாது, ரம் கூடவே கூடாது என்று பல் வைத்தியர் பஞ்சை அடைத்து அனுப்பினார். நான் அப்படியே பத்திரிகை அலுவலகம் போனேன். அச்சுக் கோர்க்கும் ஜான்-க்ளோட், சனிக்கிழமை வழக்கப்படி ரம்மை நீட்டினான், தலையை ஆட்டி மறுத்தேன், அவன் மனைவி கொடுத்தனுப்பிய கோழிக் கறியை நீட்டினான், அதையும் மறுத்தேன். என் கை அந்தப் பாத்திரத்தை மறுத்து அவன் பார்த்ததே இல்லை.

“ஆயோ, எட்மோன்! கொடி ஏறிடுச்சில்ல? காவடியா?”

வாயைத் திறந்தால் பஞ்சு விழும். திறக்கவில்லை.

“மௌன விரதம் வேறயா! மொ ஃப்ரேர், என் சகோதரா, தெரியாம நீட்டிட்டேன், மன்னிச்சுக்கோ” என்று கும்பிட்டான். அவன் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். மாலைக்குள் ரோஸ் ஹில் முழுக்கப் பரவிவிட்டது. நான் எழுதிய செய்தி எதுவும் இத்தனை வேகமாகப் போனதில்லை.

திங்களன்று பஞ்சும் இல்லை, வலியும் இல்லை. வைத்தியரின் ஒரு வாரத்தை நானே குறைத்துக்கொண்டு ஃப்ரான்சிஸின் இறைச்சிக் கடைக்குப் போய் அரைக் கிலோ ஆட்டுக் கறி கேட்டேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். “மிஸ்யே எட்மோன், உங்க சாமி உங்களை மன்னிச்சாலும் என் பொண்டாட்டி என்னை மன்னிக்க மாட்டா. போங்க, சந்தையில நல்ல சௌசௌ வந்திருக்கு.” பல் கதையை விளக்கினேன். வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். “பாவம், சோதனை வருது. மூணாம் நாள் அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு அம்மாள் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டில் சுசானிடம் முறையிட்டேன். “நீங்க எதுக்கு மறுக்கிறீங்க? உங்க பேரைச் சொல்லி மூணு வீட்டுலேர்ந்து கத்தரிக்காய்க் கறி வந்திருக்கு. நான் அடுப்பே மூட்டலை” என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு, அக்கா. இரண்டு ஆதாரம் இல்லாமல் எதையும் அச்சேற்றுவதில்லை. நான் காவடி எடுக்கிறேன் என்பதற்கு ஊரெல்லாம் ஆதாரம். இல்லை என்பதற்கு ஒரே ஆள். அவரும் சம்பந்தப்பட்ட தரப்பு. என் மேசைக்கு வந்திருந்தால் நானே அந்த மறுப்பைக் குப்பையில் போட்டிருப்பேன்.

ஆனால் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பது என்னைத் துளியும் அசைக்காது. இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பவரிடமும் வேண்டாம் என்பவரிடமும் திட்டு வாங்கியவன் நான். இந்த வாரம் ஜான்-க்ளோட் ஒரு பத்தி முழுவதையும் தலைகீழாகக் கோர்த்தபோது, “பரவாயில்லப்பா” என்று சொன்னது உண்மை. விடியற்காலையில் தலைக்குக் குளிப்பதும் உண்மை. பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நான் சற்று நிமிர்ந்து உட்காருகிறேன். இவை தனித்தனிச் சம்பவங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதாக உறுதிப்படுத்தப்படவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி மட்டும் இடித்தது. “இப்பத்தான்டா நீ எங்க ஆளு” என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை காலம் நான் யார் ஆள், அக்கா? அலுவலகத்தில் என்னைக் ‘கோயில்காரன்’ என்பார்கள். கோயிலில் காவடிகளுக்கு வழிவிடக் கட்டிய கயிற்றுக்கு வெளியே பென்சிலோடு நிற்கும்போது ‘பேப்பர்காரன்’ என்பார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால், சுசான் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்பதால், எனக்குத் தனியாக ஒரு முள்கரண்டி வைப்பீர்கள். நான் கையால்தான் சாப்பிடுகிறேன் என்பதை இத்தனை வருடமாக யாருமே கவனிக்கவில்லை. ஒரு பல்லைப் பிடுங்கியதும் ஒரே நாளில் எல்லோருக்கும் நான் யாரென்று தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் தகவல் வரவில்லை.

ஆகவே தயவுசெய்து பஸ்ஸை நிறுத்திவிடுங்கள். ஊராரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. நீங்கள் என்ன நினைத்தாலும் கவலையில்லை என்று எழுதத் தொடங்கினேன். பேனா மை இறங்க மறுக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. முருகன் உங்கள் எல்லோரையும், உங்கள் கரும்பையும், புயலடிக்காமல் காக்கட்டும்.

உங்கள் தம்பி,
எட்மோன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் சுசான் படித்தாள். “எடுக்காதவன் ஒரு வரியில எடுக்கலைன்னு எழுதுவான்” என்றாள். பஸ் வரட்டும். காவடிக்கு வளைகிற பச்சை மூங்கில் உங்கள் ஆற்றோரத்தில்தான் கிடைக்கும். நாலு கழி வெட்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். நான் இதை முருகனுக்காக எடுக்கிறேனா, பஸ்ஸில் வருகிறவர்களுக்காக எடுக்கிறேனா என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. மனம் சுத்தமாக இருந்தால் காவடிப் பால் எத்தனை வெயிலிலும் திரியாது என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நண்பகல், கோயிலில் பால் செம்பைத் திறக்கும்போது முடிவு தெரியும்.