சொட்டுக் காக்காவும் என் பாரமும்

ஒரு மனிதன் இன்னொரு மனிதனை எவ்வளவு தூரம் கோபப்படுத்தலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று யாராவது சொன்னால், அவர் சொட்டுக் காக்காவின் காரில் ஏறாதவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். நான் ஏறியவன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. கல்முனையிலிருந்து சம்மாந்துறைப் பள்ளிக்கூடத்துக்கு வருசக்கணக்காக ஏறியவன். இதை எழுத உட்காரும்போதே காது சூடாகிறது.

எழுபதுகளின் கடைசி அது. பெற்றோல் விலை ஏறிக்கொண்டே போனது. கார் வைத்திருந்த பலர் அதைத் தென்னங்கிடுகால் மூடிவிட்டு சைக்கிளுக்கு மாறினார்கள். காக்கா மாறவில்லை. அவரிடம் புளித்த தயிரின் நிறத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் குட்டிக் கார் இருந்தது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவருடைய வீட்டில் அடுப்பு எரிந்தது. பெற்றோல் செட்டில் அடித்து முடித்ததும் குழாயை விடமாட்டார். மேலே தூக்கி, உதறி, சுருட்டி, அதன் வயிற்றில் கிடக்கும் கடைசிச் சொட்டையும் தன் காரின் தாங்கிக்குள் விழுத்திவிட்டுத்தான் கையை எடுப்பார். அதில் வந்த பெயர் அது. எங்கள் பக்கத்தில் மூத்த ஆண்களைக் காக்கா என்பதால் மரியாதையும் பின்னால் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அதற்கும் ஏசியிருப்பார்.

பெற்றோலைச் சேமிக்கத் தெரிந்த அந்த மனுசனுக்குக் கோபத்தைச் சேமிக்க மட்டும் தெரியாது. கதவை அடித்துச் சாத்தினால் கோபம். கண்ணாடியை இறக்கினால் கோபம். காற்று உள்ளே வந்து காரைப் பின்னுக்கு இழுக்குமாம். சோளகக் காற்று வீசுகிற காலத்தில் கண்ணாடியெல்லாம் ஏற்றி, உள்ளே இட்டலிபோல அவிந்துகொண்டு நாங்கள் போவோம். எதிரே வீசும் காற்றைப் பார்த்தே அவர் பல்லைக் கடிப்பார்.

காரில் நாங்கள் மூன்று பேர். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்து வாத்திமார். முதலாவது மௌலவி, ஊதினால் பறக்கிற உடம்பு. இரண்டாவது காரைதீவில் ஏறுகிற கணக்கு மாஸ்டர். அவர் கதைப்பது அபூர்வம், சிரிப்பது அதைவிட அபூர்வம். மூன்றாவது ஆள் நான், தமிழ் படிப்பிப்பவன். என் உடம்பைப் பற்றி ஊரே சொல்லியிருக்கிறது, நானும் சொல்லிவிடுகிறேன். நான் நல்ல குண்டன்.

அந்தக் காரில் ஏறுவதே ஒரு தனி வித்தை. கார் நிற்காது.

"நிண்டு எடுத்தா குடிக்கும் சேர். ஓடி வந்து ஏறுங்க!" என்று தலையை வெளியே நீட்டிக் கத்துவார். கார் நடை வேகத்தில் வரும். நாங்கள் பக்கத்தில் ஓட வேண்டும். முதலில் பை போகும், பிறகு குடை போகும், பிறகு ஆள் போக வேண்டும். மௌலவி ஒரு துள்ளலில் உள்ளே இருப்பார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு தபால் கந்தோர் வரைக்கும் ஓடிய நாட்கள் உண்டு. கடைகளில் இருந்தவர்கள் தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்து பார்ப்பார்கள்.

பாரத்தைக் குறைக்க வேண்டுமென்று ஸ்பெயார் வீலைக் கழற்றி வீட்டில் வைத்தார். ஒரு நாள் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. மௌலவிதான் பஸ்ஸில் போய், வீட்டில் கிடந்த அந்த ஸ்பெயார் வீலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். அடுத்து ஹோர்ன் போனது. "எனக்கு வாய் இரிக்கி, அதுக்குப் பெற்றோல் வேணாம்" என்றார். அன்றிலிருந்து ஆட்டையும் மாட்டையும் ஆட்களையும் தொண்டையாலேயே விலத்தினார். பின்சீற்றின் மெத்தையைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டார். அந்தப் பலகையின் ஆணி ஒன்றை எனக்கு நேரிலே தெரியும்.

கொழும்பில் யாரோ ஒருவன், பெற்றோல் தாங்கிக்குள் பூச்சி உருண்டை போட்டால் கார் கூடுதலாக ஓடும் என்று சொல்லிவிட்டிருக்கிறான். அந்தப் பாவியை நான் இன்றைக்கும் தேடுகிறேன். காக்கா கைநிறைய அள்ளிப் போட்டார். கார் கூடுதலாக ஓடியதோ இல்லையோ, எங்களுடைய சட்டை, தலைமயிர், சோத்துப் பார்சல் எல்லாம் அலுமாரி மணந்தது. வகுப்புக்குள் நுழைந்தால் முன்வாங்குப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். நான் கத்தினேன்.

"என்ன காக்கா, எங்களைப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வைக்கப் போறயளா?"

"வாசந்தானே சேர். கரப்பான் வராது."

இவற்றையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். தராசை மன்னிக்கமாட்டேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காரைச் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்குள் திருப்பினார். ஏதோ அலுவலாக்கும் என்று இருந்தோம். நெல் மூட்டை நிறுக்கிற தராசுக்கு முன்னால் எங்களை இறக்கி, "ஒவ்வொரு ஆளா ஏறுங்க" என்றார். மௌலவி சிரித்துக்கொண்டே ஏறினார். கணக்கு மாஸ்டர் சிரிக்காமல் ஏறினார். நான் ஏறியதும் மூட்டை தூக்குகிற பொடியன்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். காக்கா முள்ளைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், திரும்பவும் குனிந்து பார்த்தார்.

"அல்லாஹ்! சேர், நீங்க ரெண்டு மௌலவி!"

ஆலை முழுவதும் சிரித்தது. சின்ன வயதிலிருந்து என் உடம்புக்காகக் கேலி கேட்டு வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் கேட்டேன், கலியாண வீட்டில் கேட்டேன், மாப்பிள்ளைப் பலகையில் இருக்கும்போதும் கேட்டேன். ஆனால் தராசில் நிறுத்தி, சாட்சி வைத்து யாரும் சொன்னதில்லை. அந்தத் தராசைத் தூக்கி அவர் தலையில் போட வேண்டும் போல இருந்தது.

அடுத்த நாளிலிருந்து புதுச் சட்டம் வந்தது. கல்முனையிலிருந்து சம்மாந்துறை வரைக்கும் நிலம் தட்டுப்போலக் கிடக்கிறது. மேடு என்று சொல்ல மாவடிப்பள்ளிப் பக்கத்தில் முதுகு உயர்ந்த ஒரேயொரு பாலந்தான். அந்தப் பாலத்தில் ஏறத்தான் கார் கூடுதலாகக் குடிக்கிறது என்று காக்கா கண்டுபிடித்திருந்தார். ஆகவே பாலத்தடியில் நான் இறங்க வேண்டும். கார் ஏறும். உச்சியில் என்ஜினை நிறுத்திவிட்டு, மற்றப் பக்கத்து இறக்கத்தில் சும்மா உருள விடுவார். உருண்டு உருண்டு எங்கே தானாக நிற்கிறதோ, அங்கே நான் நடந்து போய் ஏற வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். கார் எவ்வளவு நன்றாக உருள்கிறதோ, அவ்வளவு தூரம் நான் நடக்க வேண்டும்! டயருக்குக் காற்று அடித்து உருட்டத்தைக் கூட்டுவார், என் நடை கூடும். சில்லுக்குக் கிறீஸ் போடுவார், இன்னும் கூடும். இரண்டு பக்கமும் வயல், தலைக்கு மேலே வெயில், கையில் குடை. என்னிடம் படிக்கிற பிள்ளைகளே சைக்கிளில் என்னைக் கடந்து போவார்கள்.

"சேர், கார் அந்தா அங்க நிக்கிது!"

"தெரியும், போடா!"

ஏன் போனீர்கள், பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துப் பஸ் வந்த நேரத்துக்கு நாங்கள் போயிருந்தால், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளைத்தான் கண்டிருப்போம். வேறு கார்க்காரன் எங்கள் சம்பளத்துக்கு வரமாட்டான். காக்கா வந்தார்.

கார் நிற்கிற இடத்துக்கு அப்பால், றோட்டோரத்தில் ஒரு மருதமரம் நின்றது. அதுதான் அவருடைய பைத்தியம். எந்த நாளிலாவது கார் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உருண்டால், அந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிய ஒரு கல்லைத் தூக்கி வைப்பார். மாசக்கணக்கில் அந்தக் கல் சாண் சாணாக மரத்தை நோக்கி நகர்ந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் இரண்டு கார் விடுகிற இடைவெளி. என்ன செய்தாலும் அது குறையவில்லை.

ஒரு நாள் வியர்வை வடிய வந்து ஏறி, பொறுக்கமுடியாமல் கேட்டேன். "அந்த மரத்தில என்ன காக்கா இரிக்கி? புதையலா?"

அன்றைக்கு அவர் ஏசவில்லை. ஸ்டியறிங்கைத் தடவிக்கொண்டு சொன்னார். "சேர், மத்தத் தூரமெல்லாம் நான் செட்டுல போய் வாங்கின தூரம். அரசாங்கம் விலை கூட்டினா அதுக்கும் கூடும். பாலத்தில இரிந்து மரம் மட்டும் ஒருத்தனும் விலை போடேலாது. அது என்ட சொந்தத் தூரம். கண்ண மூடி மௌத்தாகிற முன்ன ஒருக்கா முழுசா எடுக்கணும்."

உங்களுடைய சொந்தத் தூரத்தை என் காலால்தானே அளக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த நாள் வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கல்வி அதிகாரி வருகிறார். போன தடவை அவர் வந்தபோது, நான் நடை தாங்காமல் உமி ஏற்றி வந்த உழவு மெசினில் ஏறிப் போய், தலையெல்லாம் உமியோடு அவருக்கு முன்னால் நின்றேன். "தமிழ் மாஸ்டர் வேளாண்மை வெட்டிப்போட்டா வாறார்?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். இந்தத் தடவை மனைவி கஞ்சி போட்டு மடித்த வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. மடிப்புக் கலையாமல் போவதென்று சத்தியம் பண்ணியிருந்தேன்.

பாலத்தடியில் கார் வேகம் குறைந்தது.

"இறங்குங்க சேர்."

"இறங்கமாட்டன்."

"என்ன?"

"இறங்கமாட்டன் காக்கா. நான் என்ன நெல்லு மூட்டையா, கண்ட இடத்தில இறக்கி வைக்க?"

"நெல்லு மூட்டையெண்டா வாய் காட்டாது! இறங்குங்க, கார் நிக்கப் போகுது!"

"நிக்கட்டும்! உங்கட பாலமும் வேணாம், மரமும் வேணாம். இண்டைக்கு இந்தக் காருக்குள்ளதான் நான் இரிப்பன். ஏலுமெண்டா தூக்கி இறக்குங்க!"

"ஸபூர், ஸபூர்" என்று எங்களைப் பொறுக்கச் சொன்னார் மௌலவி. கணக்கு மாஸ்டர் வயலைப் பார்த்தார்.

காக்கா என்னைத் தூக்கி இறக்கக்கூடிய ஆள் அல்ல. கியரைப் பிடுங்குகிற மாதிரி மாற்றிக் காரை ஏற்றினார். கார் முனகியது, இருமியது, பாதியில் பின்னுக்குப் போகப் பார்த்தது. "போச்சி! ஒரு கிழமைப் பெற்றோலும் இந்த ஒரு பாலத்தில போச்சி! தின்னுறது இவர், குடிக்கிறது என்ட கார்!" என்று உச்சி வரைக்கும் ஏசினார். உச்சியில் பழக்கதோசத்தில் கை தானாகச் சாவியைத் திருப்பியது.

சத்தம் அடங்கியது. டயர் உருள்கிற சத்தம் மட்டும். வழக்கமாக மூன்று பேரோடு உருளும் கார் அன்றைக்கு எங்கள் நான்கு பேரோடும் இறங்கியது. றோட்டுக்குக் குறுக்கே வாய்க்கால் ஓடுகிற சின்ன மதகைக் கடந்தது. வழக்கத்தில் அந்த இடத்தில் களைக்கத் தொடங்கிவிடும். அன்றைக்குக் களைக்கவில்லை. காக்காவின் ஏச்சு நடுவில் நின்றது. வெள்ளைக்கல் என் பக்கத்துக் கண்ணாடிக்குள் வந்து, பின்னுக்குப் போனது.

மௌலவி ஸலவாத்து ஓதத் தொடங்கினார். கணக்கு மாஸ்டர் முன்னுக்குக் குனிந்தார். நானுந்தான் குனிந்தேன். சட்டை மடிப்பு எக்கேடு கெட்டால் என்ன. கார் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, மருதமரத்தின் நிழலுக்குள் மூக்கை நுழைத்து, முழு உடம்பையும் நுழைத்து, ஒரு சின்னக் குலுக்கலோடு நின்றது.

காக்கா இறங்கினார். மரத்தடிக்குப் போய் அதில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு என் பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது. கையைப் பிடித்து நன்றி சொல்லப் போகிறார் என்று நானும் கையைத் தயாராக வைத்தேன்.

"இவ்வளவு காலமும் என்னத்துக்குச் சேர் இறங்கின நீங்க?" என்று கத்தினார். "வாயத் திறந்து மாட்டன் எண்டு சொல்லியிரிக்கலாமே! ஒரு மனுசன்ட சீவியத்த வீணாக்கிப்போட்டயளே!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் தயாராக வைத்த கையை மடக்கிக்கொண்டேன். அப்போது பக்கத்தில் கணக்கு மாஸ்டர் திருவாய் மலர்ந்தார். "அது அப்பிடித்தான். பாரம் கூடினா இறக்கத்தில காத்து லேசில மறிக்கேலாது. கன தூரம் ஓடும்."

"இது உமக்கு முந்தியே தெரியுமா?" என்று நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஓம்."

"ஏன் காணும் சொல்லல்ல?"

"ஒருத்தரும் கேக்கல்லயே. நீங்க இறங்கினா கால் நீட்ட இடமும் இரிந்திச்சி."

அந்த ஆளோடு நான் ஒரு பள்ளித் தவணை முழுவதும் கதைக்கவில்லை.

அன்றிலிருந்து முன்சீற் எனக்கு. எனக்கு மட்டும் கார் நின்றது, கதவும் திறந்தது. வெள்ளைக்கல் மரத்தைத் தாண்டிப் போனது. நான் காய்ச்சலில் படுத்தால் காக்கா எருமைத் தயிர்ச் சட்டியோடு வீட்டுக்கு வந்து, "சேர் மெலியக் கூடா, பாத்துக் குடுங்க" என்று என் மனைவிக்குக் கட்டளை போடுவார். நோன்பு மாதத்தில் என்னைக் கவலையோடு பார்ப்பார். "பெருநாளோட சரியாகும்" என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வார். என் உடம்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஆயிரம் பேர். அது குறைந்துவிடக் கூடாதென்று கவலைப்பட்டது அவர் ஒருவர்தான்.

எண்பதுகளில் எனக்கு மாற்றம் வந்து வேறு ஊருக்குப் போனேன். போகும் நாளில், "போங்க, போங்க, கார் பாரம் குறையும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கும் எனக்குக் கோபந்தான்.

கொஞ்சக் காலம் போய் ஒரு கலியாண வீட்டில் கணக்கு மாஸ்டரைக் கண்டேன். காக்கா இப்போதும் பாலத்தில் உருட்டுகிறாரா என்று கேட்டேன்.

"இல்ல, இப்ப என்ஜினை நிப்பாட்டுறல்ல. கேட்டா, சேர் இல்லாம உருட்டி என்னத்துக்கு எண்டு ஏசுறார்."

ஒரு சொட்டுக்காகக் குழாயை உதறுகிற மனுசன், பெற்றோலை எரித்துக்கொண்டே மருதமரத்தைக் கடந்து போகிறாராம். பாவி மனுசன்.