முப்பது சதவீத மாப்பிள்ளை

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. எழுத்தில் இதை ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. வாயால் ஒரே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதற்குள் ஏழு வீடுகளுக்கு ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் போயிருந்தது.

அப்போது குர்லாவில் ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. பார்சலைத் தராசில் வைப்பார்கள், எத்தனை கிலோ என்று பார்த்து நான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் மேனேஜரைக் கூப்பிடுவேன், அவர் வேறு யாரையோ கூப்பிடுவார். உம்மா எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது பார்சலையும் தராசையும் விட்டுவிட்டு, பையன் கம்ப்யூட்டரில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. (கிணற்றுத் தவளைகூடத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதற்காக அதை யாரும் கப்பலோட்டக் கூப்பிடுவதில்லை.) சான்பாடாவில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய சேதி செம்பூரில் ஒரு மாமி வழியாகத் தாராவி போய்ச் சேருவதற்குள் நான் இஞ்சினியராகிவிட்டேன்.

தாராவியில் காதர் மாமாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. கீழே பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வீடு. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய மகள் நசீமாவைத்தான் எனக்குப் பார்த்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவளை ஒரு நிமிடம் பார்த்தேன். எனக்குப் பிடித்துவிட்டது. மிகவும் பிடித்துவிட்டது என்று எழுதினாலும் தப்பில்லை. அவளோ யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தாள். பதினைந்து நாளாகியும் யோசித்து முடித்த பாடில்லை. நான் ஆபீசில் பார்சல் எடையைத் தப்புத் தப்பாக ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த நிலையில் ஒரு சனிக்கிழமை மாமாவே கூப்பிட்டார்.

"மாப்ள, தப்பா நெனைக்கப்பிடாது. நம்ம பட்டறை கம்ப்யூட்டரு பத்து நாளா அப்டேட்டு அப்டேட்டுன்னுதான் சொல்லுது, ஆவ மாட்டேங்கு. திங்கக்கெழம செம்பூர் கடைக்குப் புதுப் பையோட வரைபடம் போயாவணும். பிள்ள வரஞ்சது பூராவும் அதுக்குள்ளதான் இருக்கு. நீங்க ஒரு பார்வ பாத்தா தேவல."

தெரியாது என்று சொல்ல நாலே எழுத்துதான் வேண்டும். நான் சொன்னது, "அது சின்ன வேலை மாமா, நாளைக்குக் காலைல வந்துடுறேன்." பெண் பதில் சொல்லாமல் இருக்கிறாள், அவள் வரைந்த படங்களை நான் காப்பாற்றிக் கொடுத்தால் என்ன சொல்லப் போகிறாள் என்று மனக்கோட்டை கட்டினேன். அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் உட்கார்ந்து வரைகிறவளுக்கு அதைப் பற்றி என்னைவிடக் கொஞ்சமாவது தெரிந்திருக்குமே என்ற யோசனை மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு தாராவியில் ஆஜர். கையில் ஒரு புதிய ஸ்குரூடிரைவர் செட். முந்தின நாள் குர்லா ஸ்டேஷன் வாசலில் வாங்கியது. (அப்டேட்டுக்கு ஸ்குரூடிரைவர் எதற்கு என்று கேட்கிறீர்களா? கையை வீசிக்கொண்டு போனால் இஞ்சினியர் என்று யார் நம்புவார்கள்?)

கம்ப்யூட்டருக்குப் பூ வேலை செய்த துணி போர்த்தியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் நல்ல வயதான யந்திரம். பின்னாலிருந்து பிரிண்டர், பென் டிரைவ், மாமாவின் ஃபோன் ஒயர், ஒரு குட்டி மின்விசிறி என்று நாலு வால்கள் தொங்கின. போட்டதும் திரையில் ஒரு பக்கம் 'மீண்டும் முயல்க' என்று ஒரு பொத்தான் தெரிந்தது. அதை அமுக்கினேன். என் மொத்த வைத்தியமும் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. நீலத் திரையில் அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று வாசகம். பத்து, இருபது, முப்பது சதவீதம் என்று விறுவிறுவென ஏறியது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இன்னும் பத்தே நிமிடம் என்றேன். மாமா ஏணியடியில் நின்று, மேலே கேட்கிற மாதிரி, மாப்ள கை வச்சதும் ஓட ஆரம்பிச்சிட்டு என்றார்.

அப்போது மணி ஏழே கால். எண் முப்பதில் நின்றது.

ஃபோனை எடுத்து ரகசியமாகத் தேடினேன். பழைய கம்ப்யூட்டரில் சில மணி நேரம் ஆகலாம், பொறுமையாக இருக்கவும் என்று முதல் வரி. அதைப் படித்ததும் மனம் குளிர்ந்து ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். கீழே இன்னும் பதினோரு வரிகள் இருந்தன. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பதினோரு வரிகளில்தான் இருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஏழரைக்குப் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி அக்கா வாசலில் வந்து நின்றார். தண்ணீர் வந்துவிட்டது, மோட்டார் போடலாமா என்று மாமாவிடம் கேட்டார்.

அந்தக் கல்லியில், அதாவது சந்தில், தண்ணீர் காலை ஏழரைக்கு வரும், ஒன்பதுக்குப் போய்விடும். மோட்டார் போட்டு இழுத்தால்தான் குழாய் கண் திறக்கும். ஏழு வீட்டுக்கும் ஒரே மோட்டார், அதன் ஒயர் மாமாவின் மீட்டரில். மோட்டார் ஓட ஆரம்பித்தால் பட்டறை டியூப்லைட் கண்ணை மூடித் திறக்கும், கம்ப்யூட்டர் சில சமயம் அணைந்தே போகும். கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்க வைத்திருந்த பேட்டரிப் பெட்டி போன மழைக்காலத்தோடு சரி.

மாமா என்னிடம் திரும்பி, "போடலாமா மாப்ள?" என்றார்.

நான் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்த டாக்டரின் குரலில் சொன்னேன்: "கூடவே கூடாது மாமா. இந்த நேரத்துல ஆஃப் ஆச்சுன்னா உள்ள இருக்குறது எல்லாம் போயிடும்."

இன்னும் சம்மதமே சொல்லப்படாத சம்பந்தம். இருந்தாலும் மாப்பிள்ளை வாயிலிருந்து வந்த சொல்லைத் தட்டுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மாமா எழுந்து போய் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்காவும் புது மாப்பிள்ளையிடம் சண்டை பிடிக்கக் கூடாதே என்று திரும்பிப் போனார். போனவர் வெற்று டிரம்மைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அதன் பின்னால் கல்லி முழுக்க டிரம்களும் குடங்களும் வரிசை கட்டின.

எனக்கு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்தன. திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஏழு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவராக வந்து திரையை எட்டிப் பார்த்தார்கள். எத்தனை என்று வெளியே யாராவது கேட்பார்கள், முப்பது என்று இங்கிருந்து பதில் போகும், அது வாய்க்கு வாய் கல்லியின் கோடிவரை போய்ச் சேரும். எட்டு மணிக்கு முப்பது. எட்டரைக்கும் முப்பது. கடைசி வீட்டுக்காரர் ஒருவர், படா ஸ்லோ ஹை என்று இந்தியில் முனகினார்.

செல்லத்தாயி அக்கா இடுப்பில் கை வைத்து அந்த எண்ணையே பார்த்தார். "தம்பி, எங்க ஊருப் பள்ளிக்கொடத்துல முப்பது எடுத்தா ஃபெயிலுல்லா?"

ஒன்பது மணிக்குக் குழாய் புஸ்ஸென்று மூச்சு விட்டு அடங்கியது. கல்லியில் அவரவர் வெற்றுக் குடங்களை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். என் வலது கையில் பாயா காய்ந்து ஒட்டியிருந்தது. மாமா டிரம்மைச் சாய்த்துச் சுரண்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கை கழுவ வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். யாரோ குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அரை டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த அரை டம்ளரில் என் விரல்களை நனைத்தபோது பட்ட அவமானத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அப்போதுதான் ஏணியில் சத்தம் கேட்டது. நசீமா இறங்கி வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கீழே இருந்தால் பெண் இறங்கி வருவது முறையில்லை. அதுவரை மேலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டு அவள் தன் வாப்பாவிடம் பேசினாள்.

"வாப்பா, இது எத்தன மணிக்கு முப்பதுக்கு வந்துச்சுன்னு கேளுங்க."

மாமா என்னைப் பார்த்தார். ஏழே காலுக்கு என்று நான் மாமாவிடம் சொன்னேன்.

"பெட்டியில இந்தச் செவப்பு லைட்டு அப்பப்ப மினுக்குச்சான்னு கேளுங்க."

எந்த லைட்? இரண்டு மணி நேரமாக நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியில் ஒரு லைட் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அது மினுக்கவில்லை.

"மினுக்கலைன்னா அது ஏழே காலுக்கே நின்னுபோச்சு வாப்பா. பெறவு மோட்டார் போட்டிருந்தாலும் புதுசா ஒண்ணும் கெட்டிருக்காது."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கல்லியில் சுவர்கள் மெல்லியவை. எத்தனை சதவீதம் என்ற சேதி போன அதே வேகத்தில் இதுவும் கடைசி வீடுவரை போவதைக் காதால் கேட்டேன்.

"இவங்களுக்கு இது சரி பண்ணத் தெரியுமா தெரியாதான்னு கேளுங்க."

மாமாவுக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. பாவம், நல்ல மனிதர். நானே நேராக அவளைப் பார்த்துச் சொன்னேன்: "தெரியாது. கூரியர்ல பார்சல் எடை போடுற வேலைங்க எனக்கு."

சொன்னதும் வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. நசீமா முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். பிறகு குனிந்து நாலு வால்களையும் உருவிப் போட்டுவிட்டு, பெட்டியின் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரை இருண்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மறுபடி போட்டபோது கம்ப்யூட்டர் வெகுநேரம் முனகிவிட்டு, பாதியில் செய்த மாற்றங்களைத் தானே எடுத்துவிட்டு எழுந்து நின்றது. அவள் முதலில் தன் வரைபடங்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். (நான் அதைக்கூடச் செய்திருக்கவில்லை.) பிறகு பார்த்தால் உள்ளே இடமே இல்லை. அவளுடைய அண்ணன் கல்யாண வீடியோ மட்டும் நாலு பிரதி இருந்தது. ஒன்றை ஓடவிட்டுப் பார்த்து வைத்துக்கொண்டு மூன்றை அழித்தாள். பத்து நாளாகப் பாதி இறங்கிக் கிடந்த அப்டேட் மிச்சங்களையும் துடைத்துவிட்டு, புதிதாக இறக்கச் சொன்னாள். பத்து நாளாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாளாம். கையில் இஞ்சினியர் மாப்பிள்ளை இருக்கும்போது நீ எதற்கு என்று அவர்தான் தடுத்திருக்கிறார்.

பகல் ஒரு மணிக்கு நூறு வந்தது. வழியில் முப்பத்தொன்று என்று திரையில் தெரிந்தபோது செல்லத்தாயி அக்கா மட்டும் கை தட்டினார்.

நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. எந்த முகத்தோடு கிளம்புவது? அடுத்த கல்லிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் வரும் என்றார்கள். இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை தண்ணீர் தூக்கினால் ஊர் என்ன பேசும் என்று மாமா பின்னாலேயே வந்தார். ஊர் பேசுவதற்கு நான் காலையிலேயே போதிய அளவு கொடுத்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு கேனை எடுத்துக்கொண்டார். ஏழு வீட்டுக்கும் முடிந்த மட்டும் ஊற்றினோம். ஸ்குரூடிரைவர் செட்டுக்கும் ஒரு வேலை கிடைத்தது. செல்லத்தாயி அக்காவின் தள்ளுவண்டிச் சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது, அதை இறுக்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம், வேறு பெண் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். மறுநாள் ஆபீசில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மாமா கூப்பிட்டார். வரைபடம் செம்பூருக்குப் போய்விட்டது என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளை சம்மதம் சொல்லிவிட்டாள் என்றார். கையிலிருந்த பார்சலை நழுவவிட்டேன். (அதன் எடை இரண்டரைக் கிலோ. அந்த வேலையில் நான் மறக்காத ஒரே எடை.)

என்னத்தைக் கண்டு சம்மதித்தாய் என்று கல்யாணத்துக்குப் பிறகு நசீமாவிடம் கேட்டேன். அதுவரை அவளைப் பார்க்க வந்த எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்ததாம். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நான்தானாம். ஏழு வீட்டுத் தண்ணீரைக் காலி செய்தபிறகுதானே சொன்னேன் என்றதற்கு, "அதனாலதான் பதினஞ்சு நாள் யோசிச்சேன்" என்றாள். அந்தப் பதினைந்து நாளும் தண்ணீர் போவதற்கு முன்னால்தானே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை.

கல்யாணத்துக்கு அந்த ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு பெரிய நீல டிரம் பரிசளித்தார்கள். அதன் பக்கவாட்டில், கீழேயிருந்து கொஞ்ச உயரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு, அதன் பக்கத்தில் முப்பது என்று எழுதியிருந்தது. சான்பாடாவில் எங்கள் குளியலறையில் அது இன்னும் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் நிரப்ப வேண்டியது நான். அது எங்கள் வீட்டுச் சட்டம்.

இன்றைக்கும் நான் தாராவிக்குப் போகிறேன் என்றால் மாமா அந்த ஏழு வீட்டுக்கும் முதல் நாள் காலையிலேயே சேதி சொல்லிவிடுகிறார். நான் போய் இறங்கும்போது அத்தனை டிரம்மும் தளும்பத் தளும்ப நிறைந்து மூடி போட்டு நிற்கும்.