ஓவீத் டேகில் உலை மூட்டிய படலம்

வாழி! ஆற்றுக்கு அக்கரை கனடா, இக்கரை அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் என்று பிரிந்து கிடக்கும் உருளைக்கிழங்கு வளநாட்டின் வடகோடியில், பனிக்கும் அஞ்சான், பாதிரிக்கும் அஞ்சான், பள்ளிப் பேருந்தின் பின்னிருக்கைப் பிள்ளைகளுக்கும் அஞ்சானாகி, தான் செல்லுமிடமெல்லாம் தன் தொந்தி முந்திச் சென்று வழி சமைக்கப் பின்தொடரும் பெருந்தகையான், காதுமூடிக் குல்லாயின் காவலன், பேருந்துப் பாகன், ஓவீத் டேகில் வாழி! அவன் குல்லாய் வாழி! வாயும் வாழி, அதைத்தான் அடைக்க முடியாது.

அன்னவன் செய்த பெரும்போர் மண்ணுக்கா, பொன்னுக்கா? இரண்டுக்கும் இல்லை. வான்கோழி அறுக்கும் கத்திக்கு. நன்றி நவிலும் திருநாளன்று எந்த வீட்டு அடுப்பில் பறவை வேகிறதோ, அந்த வீட்டுக்காரனே மேசைத் தலையில் எழுந்து நின்று, சுற்றமெல்லாம் வாய் பார்த்திருக்கக் கத்தி எடுப்பான் என்பது அந்நாட்டு வழக்கம். ஓவீத் அந்தப் பதவியை யாருக்கும் விட்டுக் கொடுத்தவன் இல்லை. ஆனால் இந்த ஆண்டு, திருநாள் நெருங்கிய நேரம் பார்த்து, நிலவறையில் பல்லாண்டு வீற்றிருந்து வீடு முழுவதற்கும் கணப்பூட்டிய பழைய எண்ணெய் உலை கரும்புகையாய் ஒரு ஏப்பம் விட்டுச் செத்துப்போனது.

புது உலையைக் கொண்டுவந்து இறக்கியவன் ரெனோ. ஓவீத்தின் மனைவி கிளாரிஸுக்கு உடன்பிறந்த தம்பி. உலை மாட்டுவதற்கு உரிமம் பெற்றவன். அந்த உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலும் நெற்றியில் ஒட்டியதுபோல் நடப்பவன். திருநாளுக்கு முதல்நாள் பொழுதுக்கும் உழைத்து, புகைபோக்கியைப் பொருத்தி, எண்ணெய்த் தொட்டியிலிருந்து செப்புக்குழாயை இழுத்து மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டே அவன் ஆணை பிறப்பித்தான்.

"மச்சான், எல்லாம் மாட்டியாச்சு. காலைல நானே வந்து மூட்டித் தர்றேன். அதுவரைக்கும் நீ கையக் கட்டிக்கிட்டு இரு. முக்கியமா உலைய மூட்டற அந்தப் பொத்தான் பக்கம் போகாத. உன் கை சும்மா இருக்காதுன்னு ஊருக்கே தெரியும்."

விடிந்தது. வானம் கிழிந்து பனி கொட்டியது. ரெனோ வரவில்லை, தொலைபேசி வந்தது.

"வழியில ரெண்டு வீட்டுல உலை நின்னுபோச்சு மச்சான், நான் வர மத்தியானம் ஆயிரும். நீ ஒண்ணு பண்ணு. கோழியத் தூக்கிக்கிட்டு எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துருங்க. இங்க வெதுவெதுன்னு இருக்கு. கத்தியக்கூடத் தீட்டி வெச்சுட்டேன்."

கத்தியைத் தீட்டி வைத்துவிட்டானாம்! அச்சொல் ஓவீத்தின் செவி வழியே புகுந்து, தொந்தியில் இறங்கிக் கனன்றது. "நான் உயிரோட இருக்கறவரைக்கும் அந்தப் பய வீட்டு மேசையில என் கோழி ஏறாது! இந்த உலைய நான் மூட்டல, என் பேர மாத்தி வெச்சுக்கோ!" என்று அவன் கர்ஜித்தான். அடுக்களையில் கிளாரிஸ் மட்டும்தான் இருந்தாள். வீட்டில் வேறு கணப்பே இல்லாததால் விடியற்காலையிலேயே கோழியை அடுப்பில் ஏற்றிவிட்டு, அதன் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தவள் அவள்.

அவள் போட்டிருந்த நீலக் கோட்டைக் கழற்றி, நிலவறைப் படியின் தலைமாட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, மறுபடி அடுப்போடு ஒண்டிக்கொண்டாள். மூக்குநுனி விறைக்கும் குளிரில் ஒருத்தி கோட்டை ஏன் கழற்றுகிறாள் என்று கட்டின புருஷன் கேட்டிருக்க வேண்டும். காவிய நாயகர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கேளீர்! வெப்பம் கூட்டும் சுவர்க் குமிழை உச்சிக்குத் திருகி, செந்நிற வேட்டைக் குல்லாயைக் காதுவரை இழுத்து, ஒரு கையில் திருகுச்சாவியும் மறுகையில் டார்ச்சும் அக்குளில் காலி ஊறுகாய்ச் சாடியுமாக, படிகள் அழ, பலகைகள் முனக, அவன் நிலவறைக்குள் இறங்கினான். அங்கே நின்றது உலை. மழமழவென்று, புது மாப்பிள்ளை போல, எவனையும் மதிக்காமல். ஓவீத் பெருவிரலை உயர்த்தினான். பொத்தானை அமுக்கினான். உலை பேசவில்லை.

மீண்டும் அமுக்கினான்.

அந்தோ! அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும்: அந்தப் பொத்தானை ஒரு தடவைதான் அமுக்கலாம்; பற்றாவிட்டால் பொறுத்திருந்து ஆளைக் கூப்பிட வேண்டும். அமுக்க அமுக்க எண்ணெய் உலையின் வயிற்றில் தேங்கும். எப்போதோ நெருப்புப் பொறி தட்டும்போது டமாரென்று வெடித்து, வீடு முழுக்கக் கரி அப்பும். போன குளிர்காலத்தில் ஆற்றோரத்து லெயோ இப்படித்தான் அமுக்கி, அவன் குடும்பமே ஈஸ்டர்வரை கறுப்பாகத் தும்மியது. அதைச் சொல்லிச் சொல்லி அதிகம் சிரித்தவன் ஓவீத்.

அந்த ஓவீத்தே அமுக்கினான். பெருவிரல் சலித்தபோது சுட்டுவிரலால் அமுக்கினான். திட்டிக்கொண்டு அமுக்கினான், கெஞ்சிக்கொண்டு அமுக்கினான், "புனித அன்னா தாயே, அந்த ரெனோ பய முன்னாடி என் மானத்தக் காப்பாத்து" என்று மண்டியிட்டு அமுக்கினான். கடைசியில் செருப்பைக் கழற்றி உலையின் விலாவில் ஒன்று வைத்தான். கால்தான் சில்லிட்டது.

படியில் அரவம். பாதி இறங்கி நின்றாள் கிளாரிஸ். அவளும் ரெனோவும் உலைக்காரன் பெற்ற பிள்ளைகள். தாலாட்டுக்குப் பதில் உலையின் உறுமலைக் கேட்டு உறங்கியவர்கள்.

"ஏங்க, எத்தன தடவ அமுக்குனீங்க?"

"ஒண்ணு... ரெண்டு தடவ."

"மேல மரங்கொத்தி கொத்துன மாதிரி கேட்டுச்சே."

வீரன் திருகுச்சாவியைத் துடைக்கத் தொடங்கினான்.

"சரி, டார்ச்ச அடிச்சு அந்தச் சின்னக் கதவு வழியா உள்ள பாருங்க. எண்ணெய் தேங்கியிருக்கா?"

பார்த்தான். கோடைக் குளம்போல் வறண்டு கிடந்தது. "ஒரு சொட்டு இல்ல" என்றான், வியந்து.

"நல்லது. தொட்டியில குழாயத் திறந்தீங்களா?"

"அதெல்லாம் எப்பவோ திறந்தாச்சு" என்று முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன மாவீரன், அப்போதுதான் அதைத் திறந்தான்.

"புதுக் குழாயில காத்து நிக்கும். காத்து போற திருகுல, அங்க கெடக்குற ரப்பர்க் குழாய மாட்டி சாடிக்குள்ள விடுங்க. நான் மேல இருந்து குரல் கொடுத்ததும் திருகத் தளர்த்துங்க. நுரை நின்னு எண்ணெய் மட்டும் வந்ததும் இறுக்கிருங்க. பொத்தான் பக்கம் கை போச்சு, நானே கோழியத் தூக்கிக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போயிருவேன்."

"நீ எதுக்கு மேல போற?"

"கோழியப் பாக்கணும்."

போனாள். கோட்டு சரசரத்தது. 'டக்' என்று ஒரு சிற்றொலி. "இப்ப!" என்றாள்.

எழுந்ததே ஓர் உறுமல்! யாரும் பொத்தானைத் தொடாமலே உலை உயிர்த்தது. குழாய் இருமியது, சாடியில் செந்நிற எண்ணெய் நுரைநுரையாய்த் துப்பியது, நுரை அடங்கித் தெளிந்தது, ஓவீத் திருகை இறுக்கினான், குப்பென்று பற்றியது நெருப்பு! "பத்திக்கிச்சுடி!" என்று அவன் போட்ட கூத்தில் குல்லாய் சாடிக்குள் விழுந்தது.

ஆனாலும் அந்த 'டக்' அவன் காதை விட்டுப் போகவில்லை. மேலே வந்தான். கோட்டு இருந்த இடத்தில் சிவப்புத் தகடு பொருத்திய சுவிட்ச் தெரிந்தது. நிலவறை இருக்கும் வீடுகளிலெல்லாம் படித் தலைமாட்டில் இருப்பது, உலைக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்துவது. உலை நின்றதென்று யார் கூப்பிட்டாலும் உலைக்காரன் கேட்கிற முதல் கேள்வி, "படிமேல சுவிட்சப் பாத்தீங்களா?" என்பதுதான். கிளாரிஸ் திரும்பிப் பார்க்காமல் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு மின்சாரமும் இருந்து, தொட்டிக் குழாயையும் முதலிலேயே திறந்திருந்தால் தன் கைவரிசைக்கு இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

மத்தியானம் ரெனோ வந்தான். வெதுவெதுப்பு முகத்தில் அடிக்க, நேரே நிலவறைக்கு இறங்கி, புகைபோக்கியில் கருவி செருகி, புகை பார்த்து, காற்றிழுப்பு பார்த்து, ஒரு குறையும் கிடைக்காத துக்கத்தோடு ஏறி வந்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நெஜத்தச் சொல்லு மச்சான், பொத்தான எத்தன தடவ அமுக்குன?"

விருந்துக்கு வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த சுற்றமெல்லாம் திரும்பிப் பார்த்தது. ஓவீத் கிளாரிஸைப் பார்த்தான்.

"நான் கூடவேதான்டா இருந்தேன்" என்றாள் கிளாரிஸ். "உலை ஓடுறப்ப உன் மச்சான் பொத்தானத் தொடவே இல்ல." சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

எழுந்தான் ஓவீத் டேகில், உலையை வென்றோன், மச்சினனை வென்றோன், மனையாளிடம் மட்டும் மனமாரத் தோற்றோன்! சுற்றத்தார் கண்ணெல்லாம் தன்மேல் மொய்க்க, கத்தி மின்ன, பறவையின் மார்பிலிருந்து முதல் துண்டை அரிந்து, என்றும் தன் தட்டுக்கே போகும் அந்தத் துண்டைக் கிளாரிஸின் தட்டில் வைத்தான், அவள் நிமிர்ந்து பார்த்தாள், எடுத்தாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள்.

கோழி ரொம்பக் காய்ந்து போயிருந்தது.