சொந்தக் கைவேலை

நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகுதான் வெர்லின் ஸ்ட்ராடுக்கு விஷயம் தெரிந்தது. வலப்பக்கப் பின்சக்கரம், இடப்பக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் முன்னால் நின்றது.

அறுபத்தொன்பதாம் வருஷத்து ஷெவெல் கார். பின்னால் அகல டயர் போட ஆசைப்பட்டு, அடிச்சட்டத்தை இரண்டு பக்கமும் அறுத்து, உள்ளே தள்ளி, தன் கையாலேயே வெல்டு வைத்திருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டியது முப்பது வருஷம். வெல்டிங் கற்றுக்கொண்டது மூன்று வாரம்.

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். கார் நண்டு மாதிரி ஒருக்களித்துப் போனது.

வாசலில் நின்ற மனைவி டோரீன் சொன்னாள்: "எதிர்ல வர்றவன் நீ எந்தப் பக்கம் திரும்பறேன்னு குழம்பி வயல்ல இறங்கிடுவான், வெர்லின்."

வலப்பக்கத்தை மறுபடி அறுத்து ஒட்டினார். சக்கரம் சரியானது, கதவு மூடவில்லை. சட்டத்துக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கினார். கதவு மூடியது, டிக்கி திறந்துகொண்டது. டிக்கி மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கினார். அடியில் 'டக்' என்று சத்தம் கேட்டது. வெல்டு விட்டுப்போயிருந்தது.

மறுநாள் காரைத் தார்ப்பாயால் மூடி, டிரெய்லரில் ஏற்றி, நாற்பது மைல் தள்ளி அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மாவிஸ் டக்கெட் என்ற அம்மாள் டிராக்டர் பட்டறை நடத்திக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயது. விளக்கைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் போனவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"தம்பி, இது வெல்டிங்கா, இல்ல மேல குருவி கூடு கட்டி எச்சம் போட்டுச்சா?"

"அவசரத்துல வெச்சது, அக்கா."

"அவசரத்துல இவ்வளவு மோசமா வைக்க முடியாது. இதுக்கு ரொம்ப நிதானம் வேணும்."

ஆறு வாரத்தில் அவள் எல்லாவற்றையும் அறுத்தெறிந்து, புதுச் சட்டம் வளைத்து, ஒட்டித் தந்தாள். வெல்டு ஒவ்வொன்றும் அடுக்கி வைத்த நாணயம் போல வரிசையாக இருந்தது. கார் கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது.

இத்தோடு நின்றிருந்தால் வம்பே இல்லை. அந்தச் சனிக்கிழமை கார் சங்கத்தாரின் காலைச் சாப்பாட்டுக்கு வெர்லின் அந்தக் காரிலேயே போனார். சங்கத் தலைவர் ஹோபார்ட் லிண்ட்க்விஸ்ட், உணவகத்து வாசலில் அட்டையை விரித்துப் படுத்து, காருக்கு அடியில் போய்ப் பார்த்தார். ஐந்து நிமிஷம் கழித்து எழுந்தார்.

"யார் வேலைப்பா இது?"

மாவிஸ் என்று சொல்லத்தான் வெர்லின் வாயைத் திறந்தார். பன்னிரண்டு பேர் காபியும் கையுமாக நின்றிருந்தார்கள்.

"நான்தான்" என்றது வாய்.

"எத்தனை ஆம்ப்ஸ் கரண்ட்ல வெச்ச?"

"அது... சட்டம் கேக்கற அளவுக்கு."

பன்னிரண்டு தலையும் மெதுவாக ஆடின. ஒருவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

வெர்லின் பான்கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். மறுநாள் தேவாலயத்தில் போதகர் நோவாவின் பேழையைப் பற்றித்தான் பேசினார். பேழையை நோவா தன் கையாலேயே செய்தார் என்று கேட்டதும் வெர்லினுக்குக் காது சிவந்தது.

திங்கட்கிழமை ஹோபார்ட் போன் செய்தார். "ஆகஸ்ட் கண்காட்சில 'சொந்தக் கைவேலை' கோப்பை உனக்குத்தான். எனக்கே ரெண்டு தடவை கெடச்சது. இந்த வருஷம் புதுசா ஒண்ணு. கோப்பைய வாங்கறதுக்கு முன்னாடி நீ எல்லாருக்கும் வெல்டு வெச்சுக் காட்டற. பசங்க ரொம்ப ஆசைப்படறாங்க."

"எனக்குத் தோள் வலி, ஹோபார்ட். கையத் தூக்கவே முடியல."

அதோடு தப்பித்ததாகத்தான் நினைத்தார். சேதி பரவி, சாயங்காலத்துக்குள் தேவாலயத்துப் பெண்கள் கோழியும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட பதார்த்தத்தை ஏழு தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு டெல்பர்ட், கேட்காமலே வந்து புல் வெட்டினார். வெர்லின் ஒரு கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"எழுபத்தொரு வயசு மனுஷன். முழங்கால்ல பட்டை போட்டுக்கிட்டு உன் புல்ல வெட்றார்" என்றாள் டோரீன். "நீ இங்க நின்னு நூடுல்ஸ் சாப்பிடற."

"போய் நிறுத்தச் சொல்லட்டுமா?"

"எந்தக் கையால சைகை காட்டுவ?"

தட்டைக் கீழே வைத்துவிட்டார். தன்னையே பார்க்கப் பிடிக்காமல் மறுநாள் முகச்சவரம் கூடச் செய்துகொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு தோள் சரியாகிவிட்டது என்று அறிவித்தார். போதகர், "நம் ஜெபம் கேட்கப்பட்டது" என்று சொல்ல, சபை முழுக்க எழுந்து நின்று பாடியது. முன்வரிசையிலிருந்து ஹோபார்ட் திரும்பி, வெல்டு வைப்பது போலக் கையால் சைகை காட்டினார்.

கண்காட்சி நாள். பூங்காவில் பதினான்கு கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. ஓரத்து மேஜையில் ஹோபார்டின் மனைவி ஜெனீவா செர்ரிப் பை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு இரும்புத் தகடு, வெல்டிங் மிஷின், சுற்றிலும் அறுபது பேர். சங்கத்து ஆட்கள் எல்லாருக்கும் முன்னால், கையில் நோட்டோடு நின்றார்கள்.

வெர்லின் முகமூடியை இறக்கி வெல்டிங் குச்சியைத் தகட்டில் வைத்தார். குச்சி ஒட்டிக்கொண்டது. இழுத்தார். தகடும் சேர்ந்து வந்தது.

"ஆரம்பத்துல ஒட்டவிட்டு எடுக்கறார், பாத்துக்குங்க" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பக்கத்திலிருந்தவர் எழுதினார்.

அதற்குமேல் வெர்லினால் முடியவில்லை. முகமூடியைக் கழற்றினார்.

"எழுதாதீங்கப்பா. இந்தச் சட்டம் நான் செஞ்சதில்ல. நான் செஞ்சது, மேல உக்காந்ததும் விட்டுப்போச்சு. இது அடுத்த மாவட்டத்து மாவிஸ் டக்கெட் அம்மா வேலை. அந்த அம்மா பேரச் சொல்லாம நான் மறச்சேன். தோள் வலியும் பொய். டெல்பர்ட், என்னை மன்னிச்சுக்குங்க. அந்தப் புல்லப் பாக்கும்போதெல்லாம் எனக்குச் செத்துப்போலாம் போல இருக்கு. இந்தக் கோப்பைய வாங்க எனக்கு யோக்கியதை இல்ல."

திட்டுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் திட்டவில்லை. ஒருவர் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டினார். அவர் போட்டிருந்தது கயிறில்லாத பூட்ஸ். இன்னொருவர் நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்தார். ஹோபார்ட் சுத்தமாக இருந்த தன் கார் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

மேஜையோரம் ஜெனீவா தலையை நிமிர்த்தாமல் அடுத்த துண்டை வெட்டினாள்.

"அப்போ கோப்பைய அந்த மாவிஸ் அம்மாவுக்கே அனுப்பிடுங்க" என்றாள். "பதினாலு வருஷமா உங்க எல்லார் பேர்லயும் அவங்கதானே ஜெயிக்கறாங்க."