மூக்கு அண்ணனின் ஈரல் பிஸ்கட்

மலேசியாவின் கேமரன் மலையில் நாய்களுக்கு அடுத்தபடியாக நல்ல மூக்கு யாருக்கு என்று கேட்டால், எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பார்த்துக்கொண்டிருந்த மூக்கு அண்ணனுக்குத்தான். நாய்களுக்கு அடுத்தபடி என்று நான் சொல்வதுகூட நாய்களுக்குக் கொடுக்கும் மரியாதை. அவரைக் கேட்டால் நாய்களை இரண்டாவது இடத்தில்தான் வைப்பார். சம்பளச் சீட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்ததால் எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

தேயிலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் ஊர்வம்பைப் போல இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் பூ, பவுடர், சென்ட், தைலம் எதுவும் தொழிற்சாலைக்குள் வரக்கூடாது என்பது சட்டம். எல்லாத் தோட்டத்திலும் இந்தச் சட்டம் பலகையில் தொங்கும். எங்கள் தோட்டத்தில் மட்டும் அது வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே ஸ்வெட்டர் போட்டு நின்றது. காலையில் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் மூக்கு அண்ணன் ஒரு முறை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

"முனிம்மா, தலையில என்னா?"

"ஒன்னும் இல்லண்ணே. வெறும் தேங்காண்ண."

"வெறும் தேங்காண்ணயில மல்லியப்பூ எப்படி லா வாசம் வரும்? போ, போய்த் தலைய அலசிட்டு வா."

தேயிலை சலிக்கும் முனியம்மா அக்கா மாதத்துக்கு நான்கு தடவையாவது ஈரத் தலையோடு வேலை செய்தார். மற்றவர்கள் பாடு அதைவிட மோசம். "நேத்து பிரிஞ்சாங் பாசார் மாலம் போய் சாத்தே தின்னிருக்க. தலவலின்னு படுத்துக் கெடந்தேன்னுல்ல ஒம் பொண்டாட்டி சொன்னிச்சி?" என்று, ராத்திரிச் சந்தையில் குச்சியில் சுட்ட கறி தின்ற ஒருவரை வரிசையில் வைத்தே கேட்டுவிட்டார். பின்னால் வரிசையில் நின்றது அந்தப் பொண்டாட்டிதான். அந்தக் குடும்பம் சமாதானமாக ஒரு மாதம் ஆனது.

இப்படி மனிதர்களை மோந்து விரட்டியவர், நாய்களிடம் மட்டும் பச்சைத் தண்ணீராக இருந்தார். தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளைச் சுற்றித் திரிந்த நாய்களெல்லாம் அவருக்குச் சொந்தம். கறுப்பன், ஜிம்மி, அப்புறம் பழுப்பு நிறத்தில் ஒற்றைக் காது மடங்கிய கோப்பி. தேயிலைத் தோட்டத்து நாய்க்குக் காப்பியின் மலாய்ப் பெயரை வைத்தது துரோகம் என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். அது பெயரை மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை.

வினை, மலைமேல் இருக்கும் டீக்கடையில் இருந்து வந்தது. சுற்றுப்பயணிகள் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி டீ குடிக்கத் தோட்டமே கட்டிய கண்ணாடிக் கடை அது. அங்கே ஸ்கோன் என்று ஒரு ரொட்டி விற்பார்கள். அதற்குள் கிஸ்மிஸ், மேலே கிரீம், அதற்கும் மேலே ஸ்ட்ராபெரி ஜாம். பயணிகள் அதைப் படம் எடுப்பார்கள், பாதி தின்பார்கள், மீதியை நாய்க்குப் போடுவார்கள். ஜிம்மியின் வயிறு உருமி மாதிரி ஆகிவிட்டது. கோப்பி ஒரு நாள் கிஸ்மிஸ் ஸ்கோனை முழுசாக விழுங்கிவிட்டு வாந்தியெடுத்துப் படுத்துவிட்டது. மூக்கு அண்ணன் அதைக் காய்கறி லோரியில் முட்டைக்கோசுகளுக்கு நடுவே படுக்க வைத்து ஈப்போ டாக்டரிடம் கொண்டு ஓடினார். கிஸ்மிஸ் நாய்க்கு விஷம், சீனியும் உப்பும் ஆகாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அண்ணன் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. லோரியில் வெங்காயமும் இருந்தது என்றார்.

அடுத்த வாரம் கறுப்பன் ஒரு சீமாட்டியின் தட்டையே தூக்கிக்கொண்டு ஓடியது. அவர் அதைப் படம் பிடித்துப் போட, நாடே பார்த்தது. தோட்ட மேனேஜரான எங்கள் பெரிய துரை கோலாலம்பூரில் இருந்து வந்த இளவயதுத் தமிழர். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று முகம் ஸ்ட்ராபெரி நிறத்தில் இருந்தது.

"அங்கிள், இனிமே ஒரு நாய் கடைப் பக்கம் வந்துச்சின்னா, நான் மஜ்லிஸ் லோரிய கூப்பிட்டுடுவேன். எல்லாத்தையும் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க. சொல்லிட்டேன்."

மஜ்லிஸ் லோரி நாய் பிடிக்கிற லோரி. அதில் ஏறிய நாய் இறங்கி வந்ததாக லைனில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மூக்கு அண்ணன் அன்று முழுக்க யாரையும் மோந்து பார்க்கவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னார்:

"தம்பி, நாய் ஏன் அங்க போவுது? வூட்டுல அதவிட நல்லது கெடைக்கல, அதான் போவுது. மனுசனும் அப்படித்தான்."

அவர் மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தார். அன்றைக்கு அண்ணனுக்குச் சோறு கிடைத்ததா என்று தெரியவில்லை.

அன்று தொடங்கியது பிஸ்கட் ஆராய்ச்சி. முதல் பிஸ்கட், பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் விளைந்த கேரட்டில். நாய்கள் அதை மரியாதையாக வாங்கிப் போய்த் தேயிலைச் செடிக்கு அடியில் புதைத்தன. இரண்டாவது பூசணிக்காயும் ஓட்ஸும். அது கல்லாக இறுகிவிட்டதால், ஆபீஸ் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க நான் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்றாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கும் முட்டையும். நாய்கள் அதை நன்றாகச் சாப்பிட்டன. சாப்பிட்டுவிட்டு இனிப்புக்கு மலைமேல் கடைக்குப் புறப்பட்டன. அண்ணன் குறுக்கே படுத்துத் தடுத்தார்.

இதில் எங்களுக்குத்தான் தொல்லை. நாய்க்குக் கொடுக்கும் எதையும் முதலில் மனிதன் தின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தகர டின்னோடு அவர் வருவது தெரிந்தால் ஆபீசே கழிவறைக்குப் போய்விடும். கணக்கை விட்டு எழ முடியாத நான்தான் அகப்படுவேன்.

"உப்பே இல்லண்ணே."

"உப்பு நாய்க்கு ஆவாது. ஒனக்கும்தான் ஆவாது. ஒம் மேல ரத்தக்கொதிப்பு வாசம் அடிக்குது."

விளையாட்டுக்கு ரிங்லெட் கிளினிக்கில் பார்த்தேன். இருந்தது. அதற்குப் பிறகு அவர் நீட்டுவதை நான் மறுக்கவில்லை.

நான்காவது பிஸ்கட்டில் கோழி ஈரல் வந்தது. ஈரலை வேகவைத்து அரைத்து, மசித்த கிழங்கும் ஓட்ஸும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் இல்லாமல் மெல்லிய சூட்டில் காயவைத்தது. ஜிம்மி ஒரு துண்டு தின்றுவிட்டு, அண்ணனை ஏதோ சாமியைப் பார்ப்பது மாதிரி பார்த்தது. அன்றிலிருந்து எந்த நாயும் மலை ஏறவில்லை. ஒழுங்காக உட்கார்ந்தால்தான் பிஸ்கட் என்றும் பழக்கினார். ஈரல் வாசனை வந்தால் போதும், எந்த நாயாக இருந்தாலும் சடக்கென்று உட்கார்ந்து, முன்கால்களைச் சேர்த்து வைத்து, பள்ளிக்கூடத்தில் படம் பிடிக்க உட்கார்ந்த பிள்ளை மாதிரி நேரே பார்க்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் அடுப்பில் ஈரல் வெந்துகொண்டிருந்ததைப் பார்த்த அவர் மனைவி, பாத்திரத்தையும் அவரையும் சேர்த்து வெளியே வைத்துவிட்டார்.

பிஸ்கட் இல்லையென்றால் நாய்கள் கடைக்குப் போகும். போனால் லோரி வரும். மெல்லிய சூட்டில் எதையும் காயவைக்க, மலேசியாவிலேயே சிறந்த யந்திரம் தன் பொறுப்பில் சும்மா கிடப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனின் மனதில் பட்டது. மல்லிகைப்பூவை உள்ளே விடாத அந்த மகான், சோதனை ஓட்டம் என்று சொல்லி டிரையரை மூட்டி, தேயிலை காயும் தட்டுகளில் கோழி ஈரலைப் பரப்பினார். முடிந்ததும் தட்டுகளைக் கழுவினார். மோந்து பார்த்தார். சுத்தம், ஒரு வாசனையும் இல்லை.

ஒரு வாசனையும் இல்லாததற்குக் காரணம், அவருக்கு இரண்டு நாளாகச் சளி. மூக்கு சிமெண்ட் பூசியது மாதிரி அடைத்திருந்தது. தைலம் தடவினால் திறந்துவிடும். ஆனால் தைலத்தைத் தொழிற்சாலைக்குள் தடை செய்தவரே அவர்தான். வெளியே சொல்லவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை வாசலில் நின்று, "முனிம்மா, இன்னிக்கிப் பூ வச்சிருக்கியா?" என்று கேட்டே விசாரித்தார். "இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு, கொண்டைக்குள் ஒரு முழம் மல்லிகையோடு முனியம்மா அக்கா உள்ளே போனார். ராணி மாதிரி போனார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் துரை திங்கட்கிழமைத் தேயிலையை ருசி பார்த்தார். கரண்டியால் உர்ரென்று உறிஞ்சினார். நாக்கில் உருட்டினார். துப்பினார். கோப்பையை உற்றுப் பார்த்தார்.

"என்னா இது? டீயா, சூப்பா?"

தொழிற்சாலை அதிர்ந்தது. முந்தின நாள் காலையில் டிரையரில் முதலில் இறங்கிய தேயிலைதான் வாசனையைப் பிடித்திருந்தது. பிறகு வந்தது நன்றாகவே இருந்தது. ஆனால் எல்லாம் மூட்டையாகக் கட்டி ஒன்றாக அடுக்கியாயிற்று. எது கெட்டது என்று தெரியாவிட்டால் அன்றைய தேயிலை முழுவதையும் கொட்ட வேண்டும்.

"பயப்படாதீங்க. அங்கிள் இருக்காரு. அவரு மோந்தாப் போதும்" என்றார் துரை.

அண்ணன் முதல் மூட்டையின் முன் குனிந்தார். நீளமாக மூச்சை இழுத்தார். உள்ளே எதுவும் போகவில்லை, வெளியே ஒரு விசில் மட்டும் வந்தது. "நல்லாருக்கு" என்றார். அடுத்ததும் நல்லாருக்கு. அதற்கடுத்ததும் நல்லாருக்கு. வியர்வை வழிந்தது. கேமரன் மலைக் குளிரில் வியர்வையை அன்றுதான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் மூட்டை ஏற்றுவதற்குத் திறந்திருந்த பின்கதவு வழியாகக் கோப்பி உள்ளே வந்தது. அதன் பின்னால் ஜிம்மி, கறுப்பன், லைனில் இருந்த மொத்தக் கூட்டமும். தொழிற்சாலைக்குள் நாய்! நாங்கள் விரட்டக்கூட மறந்து நின்றோம். கோப்பி மூட்டைகளை ஒவ்வொன்றாக மோந்துகொண்டே போய், ஒன்றின் முன் சடக்கென்று உட்கார்ந்தது. முன்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நேரே பார்த்தது. ஜிம்மி இன்னொரு மூட்டை முன் உட்கார்ந்தது. கறுப்பன் வேறொன்றின் முன், எச்சில் ஒழுக.

துரை நாய் உட்கார்ந்த மூட்டையைப் பிரித்து ருசி பார்க்கச் சொன்னார். சூப். உட்காராத மூட்டை? அருமையான டீ. ஒரு நாய்கூடத் தவறவில்லை. கெட்ட மூட்டைகளைப் பிரித்து வைத்த பிறகு துரை நாய்களைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடியும் நாய்களைப் பார்த்தார். விளங்கிவிட்டது.

"அங்கிள்... டிரையர்ல என்னா போட்டீங்க?"

மூக்கு அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "கோழி ஈரலுங்க தொரை. அதுங்க கடைக்குப் போவக் கூடாதுன்னு. வாசனையோட வர்றவன் வெளிய, அதான் சட்டம். நான் வெளிய போயிடறேன். அதுங்கள மட்டும் லோரியில ஏத்திடாதீங்க. அதுங்க ஒரு தப்பும் பண்ணல."

துரை நாய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "சொந்தக்காரன் இல்லாத நாயத் தோட்டத்துல வைக்க முடியாது அங்கிள். எல்லாத்தையும் ஒங்க பேருலயும் போட முடியாது. ஆளுக்கு ஒன்னா எடுத்துக்கிறதுக்கு யாராவது இருந்தா இருக்கட்டும். இல்லன்னா என்னால ஒன்னும் பண்ண முடியாது" என்றார்.

யார் எடுப்பார்கள்? அங்கே நின்ற அத்தனை பேரும் வாசலில் அவரிடம் மானம் போனவர்கள். நானே நம்பவில்லை.

முனியம்மா அக்கா முன்னால் வந்தார். அன்றைக்கும் கொண்டையில் இருந்து மல்லிகை எட்டிப் பார்த்தது. "கறுப்பன் எங்க வூட்டு நாயிங்க தொரை."

"அது எப்பேர்ந்து?"

"இப்பேர்ந்து."

சாத்தே தின்று அகப்பட்டவர் ஜிம்மியை எடுத்துக்கொண்டார். அவர் பொண்டாட்டி தனியாக இன்னொன்றைக் கேட்டார். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கை உயர்ந்தது. கடைசியில் கோப்பி மட்டும் மிஞ்சியது. அந்தப் பெயரைத் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டுவாசலில் நின்று கூப்பிடுவார்கள்? அது அப்போதும் மூட்டை முன்னால் நேரே உட்கார்ந்து பிஸ்கட்டுக்குக் காத்திருந்தது. அண்ணன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அது என்னுது சார்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். அதுவரை நான் கோழிக்குஞ்சுகூட வளர்த்ததில்லை.

அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. டிரையர் தட்டுகளைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, அவராகவே கேட்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மாறிவிட்டார். அது திறந்தவெளி. நாய்களும் வரலாம், ஈரலும் வேகலாம்.

இப்போது நான் ஈப்போவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். அங்கே நாய் வைக்க அனுமதி இல்லாததால் கோப்பி அண்ணனிடமே இருக்கிறது. ஆனால் நாய் என்னுடையது, அதில் அவர் வெகு கறார். வாரா வாரம் போன் அடித்து, "தம்பி, ஒன் நாயி ஒங்கிட்ட பேசணுமாம்" என்று சொல்லிப் போனைக் கோப்பியின் காதில் வைத்துவிடுவதாகச் சொல்வார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நானும் கோப்பியிடம் பேசுவேன்.

"நேரத்துக்குச் சாப்பிடு. பனியில நிக்காத, சளி பிடிக்கும். ஸ்வெட்டர் போட்டுக்க. வயசாவுதுல்ல, ஒடம்பப் பாத்துக்க."

"சரி தம்பி" என்று பதில் வரும்.